‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட வேலை செய்தவர் சாரத்திலிருந்து விழுந்தோ மண்ணில் புதைந்தோ இறந்த செய்தி தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வரும்போதெல்லாம் ‘எதிர்பாராதவிதமாக’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. களியக்காவிளையில் இருந்துகொண்டு, தமிழக–கேரள எல்லையின் இரு பக்கமும் வீடு கட்டிக் கொடுக்கும் சிறு ஒப்பந்தக்காரன் நான். இருபத்தாறு ஆண்டுகளில் நான் பார்த்த விபத்துகளில் அந்தச் சொல் பொருந்தக்கூடியவை மிகச் சில.

பாறசாலைக்கு அருகே ஒரு வீட்டில் மாடிச் சுவர்ப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் மழை பெய்து சாரக்கயிறு ஊறிப்போயிருந்தது. காலையில் கையாள் பையன் ஒருவன், “அண்ணாச்சி, மூணாவது கம்பு ஆடுது” என்றான். “இன்னைக்கு ஒரு நாள் வேலைதானே, பாத்துக்கிடலாம்” என்று சொன்னவன் நான்தான். பதினொரு மணிக்கு எல்லோரும் தேநீர் குடிக்க இறங்கியிருந்த நேரத்தில் கட்டு நழுவி, பலகையும் சாந்துச் சட்டிகளும் கீழே விழுந்தன. யாருக்கும் அடியில்லை. கடவுள் காப்பாற்றினார் என்று சிரித்துவிட்டு, கம்பை மறுபடி கட்டி வேலையைத் தொடர்ந்தோம். மூன்று வாரம் கழித்து, என்னுடைய இன்னொரு வேலையிடத்தில் அதே மாதிரிக் கட்டு நழுவியபோது மேலே ஒரு கொத்தனார் நின்றிருந்தார். இடுப்பெலும்பு முறிந்த அவர் இன்றுவரை சாரம் ஏறவில்லை.

அந்தப் பையன் சொன்னதை நான் காதில் வாங்கியிருந்தால் போதும். அதன் பிறகுதான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் எல்லோரும் கூடி நின்று, நேற்று எது ஆடியது, எது வழுக்கியது, எது தப்பியது என்று பேசி, அந்த நோட்டில் எழுதுகிறோம்; வயதில் இளையவன் முதலில் பேச வேண்டும், ஏனென்றால் மேஸ்திரி பேசிவிட்டால் பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இந்தியில் சொல்வதை, அந்த மொழி தெரிந்த கம்பி கட்டுபவர் எடுத்துச் சொல்கிறார். குறை சொன்னதால் அரை நாள் வேலை நின்றாலும் கூலி பிடிப்பதில்லை. முதல் மாதம் ஒருவரும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலை நின்ற ஒரு நாளுக்கு முழுக்கூலி கையில் கிடைத்த பிறகே பேச்சு வந்தது.

சட்டம் இல்லாமலில்லை. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் வேண்டும் என்றது; 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை 250 ஆகக் குறைத்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் எங்கள் வீட்டு வேலைகளுக்கு இரண்டும் எட்டாத தொலைவு. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நலவரியாக வசூலாகி, அதிலிருந்து விபத்து உதவித்தொகை கிடைக்கிறது. அது வேண்டியதுதான், ஆனால் விழுந்த பிறகு வரும் பணம் அது.

வீட்டுக்காரர்களையும் சொல்லாமல் இருக்க முடியாது. பால்காய்ப்புக்கு நாள் குறித்து அழைப்பிதழும் அடித்துவிட்டு, மழையிலும் வேலை நடக்க வேண்டும் என்கிறார்கள். ஆனியிலும் ஐப்பசியிலும் என இரண்டு பருவமழையும் பெய்கிற குமரி மாவட்டத்தில், செம்மண் மேட்டைச் செங்குத்தாக வெட்டி அதன் அடியில் ஆளை இறக்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அவர்களும் அறிய வேண்டும். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது பொறியியல் விதி; அதற்கான செலவை மதிப்பீட்டில் எழுதினால் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான்.

எனவே தங்கள் செய்தியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த இடத்துக்குப் போகும்போது காவல் நிலையத் தகவலோடு நிறுத்திவிடாமல், கூட வேலை செய்தவர்களிடம், ‘இதற்கு முன் யாராவது எச்சரித்தார்களா, யாரிடம் சொன்னார்கள்?’ என்றும் கேட்கட்டும். சொன்னவர் ஒருவர் இருந்தால், செய்தியில் அந்தச் சொல் வேண்டாம்.

இப்படிக்கு,
கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர்,
களியக்காவிளை.