பொருள்: இழுவைக்கும் பனிக்கும் என்று கேட்டு வாங்கிய பிக்கப் ட்ரக் பற்றிய புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். "தமிழில் கதைத்து வாங்கலாம்" என்று விளம்பரம் போடுகிறீர்கள், அதனால் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். இரண்டு தரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டு தரமும் "மனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

கடந்த ஒக்டோபரில் உங்களிடம் புது பிக்கப் ட்ரக் ஒன்று வாங்கினேன். நான் ஸ்காபரோவில் மணவறை அலங்காரம் செய்கிறவன். தை பிறந்தால் எங்களுக்குக் கலியாணச் சீசன், இந்தக் கனடாவில் தை என்றால் பனி கொட்டுகிற காலம், ஆனால் நாள் பார்க்கிற ஐயர்மார் வானிலை அறிக்கை பார்ப்பதில்லை. தூண், பலகை, கதிரை, குத்துவிளக்கு எல்லாவற்றையும் இருபது அடி மூடிய ட்ரெயிலரில் ஏற்றி ஒட்டாவா, மொன்றியல் என்று 401 நெடுஞ்சாலையில் இரவோடு இரவாக இழுத்துக்கொண்டு போக வேண்டும். இதை முதல் நாளே உங்கள் விற்பனையாளரிடம் சொன்னேன், போனில் ட்ரெயிலரின் படத்தையும் காட்டினேன். அந்தத் தம்பி சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது: "அண்ணை, இது ஐயாயிரம் கிலோ இழுக்கும், நீங்கள் மணவறை இல்லை, மண்டபத்தையே கட்டி இழுக்கலாம்."

சரி, அந்த ஐயாயிரத்தையே முதலில் எடுப்போம். உங்கள் விளம்பரத் தாளின் அடியில் எறும்பு எழுத்தில் இருப்பதை இப்போதுதான் கண்ணாடி போட்டு வாசித்தேன். அது அடிமட்டத் தரத்தில், இழுவைப் பொதி (ட்ரெயிலர் இழுப்பதற்கென்று சேர்த்துப் பூட்டும் பாகங்கள்) சேர்த்து, பின் அச்சுப் பல் விகிதம் 3.92 உள்ள வண்டிக்கான கணக்கு, அந்த எண் கூடினால் இழுவைப் பலமும் கூடும். நீங்கள் எனக்குத் தந்தது தோல் இருக்கையும் கூரைக் கண்ணாடியும் போட்ட வண்டி, விகிதம் 3.21, இழுவைப் பொதி இல்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது: ஆட்களும் சாமானும் சேர்ந்து 610 கிலோவைத் தாண்டக் கூடாது. என்னுடைய ட்ரெயிலர் சாமானோடு 2,800 கிலோ. அதில் பத்து முதல் பதினைந்து வீதம் ட்ரக்கின் கொக்கியில் அமர வேண்டும், குறைந்தால் ட்ரெயிலர் வாலாட்டும். பன்னிரண்டு வீதம் என்று வைத்தாலே 336 கிலோ. நானும் மூன்று பொடியன்களும் ஏறினால் இன்னொரு 340. ஜெனரேட்டரை ஏற்ற முதலே 610 போய்விட்டது. அதாவது நீங்கள் சொன்ன பாரத்தில் ஏறக்குறைய பாதியை இழுக்கும்போதே வண்டி அதன் அளவைத் தாண்டி நிற்கிறது. இந்தக் கூட்டல் கழித்தல் செய்ய உங்கள் ஆளுக்கு இரண்டு நிமிடம் போதும், ஸ்டிக்கர் அவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

முதல் ஓட்டத்திலேயே அது தெரிந்தது. முன்னால் போன கார்கள் எல்லாம் வழி விட்டு ஒதுங்கின, மரியாதை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பெற்றோல் அடிக்க நிறுத்திப் பார்த்தால் ட்ரக்கின் பின்பக்கம் குந்தி, மூக்கு மேலே தூக்கி, ஹெட்லைட் நேரே அவர்களுடைய கண்ணாடிக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ட்ரெயிலர் பிரேக் கதை இன்னும் மோசம். பாரத்தோடு 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்கு ஒன்ராறியோவில் பிரேக் கட்டாயம், என்னுடையதில் இருக்கிறது. ஆனால் ட்ரக்கில் நாலு முனை ப்ளக்தான் இருந்தது, அது லைட்டுக்கு மட்டும். ஏழு முனை ப்ளக்கும் பிரேக் கட்டுப்படுத்தியும் நானே வெளியில் 640 டொலர் கொடுத்துப் பூட்டினேன்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர் வீல் ட்ரைவ். பனியில் எப்படிப் பாவிக்கிறது என்று கேட்டபோது உங்கள் தம்பி சொன்னது: "டிசம்பர் பிறந்ததும் ஃபோர் ஹையில் போட்டுவிடுங்கோ அண்ணை, மார்ச் வரைக்கும் தன்பாட்டில் ஓடும்." நானும் நம்பினேன். ஃபோர் ஹை, 4எச் என்பது நாலு சில்லும் இழுக்கிற நிலை. இந்த வண்டியில் இருப்பது தேவைப்படும்போது மட்டும் போடுகிற வகை. போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன் சில்லுகள் கூடத் தூரம் ஓட வேண்டும், பின் சில்லுகள் குறைய ஓட வேண்டும். பனியிலோ சரளையிலோ ரயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும், காய்ந்த தாரில் வழுக்க இடமில்லை, முறுக்கம் முழுவதும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள், அதாவது எஞ்சின் பலத்தை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்குள், போய்ச் சேரும். கனடாக் குளிரில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும், ஜனவரியிலும் 401 பாதி நேரம் வெறும் கறுப்புத் தார்தான், உப்புப் போட்டு வழித்துவிடுவார்கள். கிங்ஸ்டன் தாண்டி ஓரிடத்தில் வெள்ளை, அடுத்த பத்துக் கிலோமீட்டர் காய்ந்த றோட்டு. அப்படி மாறி மாறி வரும் பாதைக்குத் தானாகச் சேர்ந்து தானாக விடுகிற ஓட்டோ நிலைதான் பொருத்தம். அதே வண்டியில் அடுத்த தரத்தில் அது இருக்கிறது, எனக்கு அதைக் காட்டவே இல்லை, கூரைக் கண்ணாடியைத்தான் திறந்து திறந்து காட்டினார்.

ஜனவரிக் கடைசியில் ஒட்டாவாவில் காலைக் கலியாணம். முடிந்து மணவறையைக் கழற்றி ஏற்றும்போது, பட்டுவேட்டிக்கு மேல் குளிர் ஜாக்கெட் போட்டபடி பெண்ணின் அப்பாவே ஒரு பலகையைத் தூக்கித் தந்தார், அவ்வளவு நல்ல மனுசர். மண்டபத்துத் தரிப்பிடம் துப்புரவாகக் காய்ந்திருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பினால் ட்ரக் விக்கல் எடுத்தது போலத் துள்ளித் துள்ளித் திரும்பியது, பின்னால் ரயர் கிறீச்சிட்டது, பிறகு அடியில் "டங்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒட்டாவாவிலிருந்து வண்டியையும் ட்ரெயிலரையும் வேறு ஆள் பிடித்துக் கொண்டுவந்தேன். அடுத்த நாள் மார்க்கம் நகரில் இருந்த கலியாணத்துக்கு இன்னொரு அலங்காரக்காரரின் கையைக் காலைப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

உங்கள் சேவைப் பகுதி சொன்னது: ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் இருக்கிற சங்கிலி இழுபட்டுவிட்டது, திருத்த 4,180 டொலர், "தவறான பாவனை" என்பதால் உத்தரவாதம் கிடையாது. கையேட்டில் போட்டிருக்கிறதாம். போட்டிருக்கிறதுதான், நானும் வாசித்தேன், வாசிக்காதது என் பிழை. ஆனால் அந்தத் தவறான பாவனையைச் சொல்லித் தந்தது உங்கள் ஆள். வாங்கிய வாரம் அவர் எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது, "4எச்சில் விடுங்கோ, பிரச்சினை இல்லை" என்று பெருவிரலும் போட்டிருக்கிறார். இத்துடன் இணைத்திருக்கிறேன்.

குளிர்கால ரயரும் வேண்டாம் என்றார், நாலு சில்லும் இழுக்கும்போது எதற்குக் காசைக் கொட்டுகிறீர்கள் என்று. இழுக்கும், சரி. நிற்பதற்கு? பிரேக் எல்லா வண்டியிலும் நாலு சில்லிலும்தான் பிடிக்கிறது. ஏழு பாகைக்குக் கீழே சாதாரண ரயரின் ரப்பர் இறுகிவிடும். இதை எனக்குச் சொன்னது காப்புறுதி முகவர், மலையும் பனித்துகளும் பொறித்த குளிர்கால ரயர் போட்டால் கட்டணத்திலும் கழிவு உண்டு என்று. கார் விற்காத மனுசர் சொல்கிறார், கார் விற்கிறவர் சொல்லவில்லை.

மனம் மாறியதற்காக வண்டியைத் திருப்பித் தர ஒன்ராறியோச் சட்டத்தில் இடமில்லை என்பது தெரியும், நான் அதைக் கேட்கவும் இல்லை. திருத்தச் செலவு 4,180ஐயும் நான் பூட்டிய 640ஐயும் நீங்கள் ஏற்க வேண்டும். பிறகு, ஓட்டோ நிலையும் இழுவைப் பொதியும் உள்ள வண்டிக்கு நியாயமான விலையில் மாற்றித் தாருங்கள், தோல் இருக்கை வேண்டாம், துணியே போதும். அந்த வண்டியின் கதவு ஸ்டிக்கரை எனக்கு முதலில் படம் எடுத்து அனுப்புங்கள், வந்து கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகு.

பதினான்கு நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் இதே கடிதம், வாட்ஸ்அப் செய்தி, பில் எல்லாம் ஒன்ராறியோவில் வாகன விற்பனையாளர்களைக் கண்காணிக்கிற ஒம்விக் (OMVIC) அமைப்புக்குப் போகும். பங்குனியில் கலியாணம் குறைவு, அலைய எனக்கு நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்