பூசுவதற்கு முன் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய தலைமைப் பொறியாளர் அவர்களுக்கும், பழங்கட்டடப் பராமரிப்புக்கு மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

சென்னைக் கடற்கரையோரக் கட்டடத்தில் சன்ஷேடின் விளிம்பு பெயர்ந்து விழுந்த விவரம் தங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய ஆய்வறிக்கையும் கோப்பில் இருக்கிறது. காங்கிரீட்டில் அடித்து, எவ்வளவு எம்புகிறது என்பதை வைத்து வலிமையைக் கணிக்கும் ரீபவுண்டு ஹேமரின் எண்கள் ஒரு பக்கம், "நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு வரி, அவ்வளவுதான் அறிக்கை. அதை நம்பி 20 மி.மீ. பூச்சும் இரண்டு கோட் பெயின்ட்டும் அடித்தார்கள். விழுந்த துண்டில் அந்தப் பூச்சு புதுசாகவே ஒட்டியிருக்கிறது. பின்னால் இருந்த கம்பிதான் ஏடு ஏடாக உரிந்து பாதியாகிவிட்டது. இப்போது மற்ற சன்ஷேடுகளுக்கும் அதே மதிப்பீட்டை நகலெடுத்து டெண்டர் வந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பழங்கட்டடத்தின் மெல்லிய காங்கிரீட்டை முறையாகச் சோதிக்காமல் அதன் மேல் பூச்சு வேலைக்கு உத்தரவு கொடுக்காதீர்கள்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் என்ற அலுவலகக் கட்டடம் எழுந்த 1940-ஐ ஒட்டிய காலத்துக் கட்டடங்களில் சன்ஷேடு, ஜாலி, செங்குத்து ஃபின் (வெயிலைத் தடுக்கச் சுவரிலிருந்து நீட்டிய பலகை) எல்லாமே மெல்லியவை. விளிம்பில் 50, 60 மி.மீ. கனம்தான் இருக்கும். சிமென்ட், மணல், ஜல்லியை 1:2:4 விகிதத்தில் கையால் கலந்த காங்கிரீட், வழவழப்பான மைல்டு ஸ்டீல் கம்பி, கம்பிக்கு மேல் பல இடங்களில் 10 முதல் 15 மி.மீ. காங்கிரீட் மூடல் (கவர்). மேலிருந்தும் கீழிருந்தும் காற்றும் உப்பு ஈரமும் உள்ளே போகின்றன. தடித்த உத்தரத்துக்குப் பழகிய கண்ணால் இதைப் பார்த்தால் தப்பாகத்தான் தெரியும்.

ரீபவுண்டு ஹேமர் இங்கே ஏன் ஏமாற்றுகிறது என்பதை விரிவாகச் சொல்லியாக வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயு காங்கிரீட்டுக்குள் நுழைந்து சுண்ணாம்புச் சத்தோடு சேரும்போது மேல்பரப்பு இறுகுகிறது. அப்படி இறுகிய பரப்பில் எண் 50 சதவீதம் வரை கூடுதலாகக் காட்டலாம். ஆனால் அதே மாற்றம்தான் காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைத்து, கம்பியைத் துருவிடமிருந்து காத்த படலத்தை அழிக்கிறது. கம்பிக்கு ஆபத்து கூடக் கூட ஹேமர் நல்ல எண் கொடுக்கிறது! போதாததற்கு, 100 மி.மீ.க்குக் குறைந்த உறுப்பு அடிக்கும்போதே அதிர்கிறது. எண் அதனாலும் மாறும். எல்லாம் சரியாக இருந்தாலும் வலிமைக் கணிப்பில் 25 சதவீதம் கூடக் குறைய வரும் என்று இந்தியத் தர நிர்ணய ஆவணமே சொல்கிறது. கோர், அதாவது உருளையாகத் துளைத்தெடுக்கும் மாதிரி, எடுக்கலாம் என்பார்கள். 60 மி.மீ. பலகையில் 100 மி.மீ. விட்டத்துக்கு எடுக்கும் கோர், உயரத்தைவிட அகலம் கூடிய வில்லையாகத்தான் வரும். அதை நசுக்கி வரும் எண்ணை நம்ப முடியாது.

செய்ய வேண்டியது வேறு. பெயின்ட்டையும் பழைய பூச்சையும் சுரண்டிவிட்டு, சிறு சுத்தியலால் தட்டிப் பொள்ளல் சத்தம் வரும் இடங்களைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பிறகு கவர் மீட்டரால் கம்பியின் இடத்தையும் ஆழத்தையும் குறியுங்கள். சன்ஷேடில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அது அடிக்கு இறங்கியிருந்தால் எந்தப் பூச்சும் அதைத் தாங்காது. அடுத்து, புதிதாக உடைத்த முகத்தில் 1 சதவீத ஃபீனால்ப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். இளஞ்சிவப்பாக மாறாத பகுதி காரத்தன்மை இழந்தது; அது எத்தனை மி.மீ. என்று அளந்து, கவரோடு ஒப்பிடுங்கள். அடுத்து, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பான குளோரைடு: 5 மி.மீ. படிகளாகத் துளைத்த தூளை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்தியத் தரம் 456 வார்க்கும்போது அனுமதிக்கும் அளவு கன மீட்டருக்கு 0.6 கிலோ, கம்பியின் ஆழத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. கடைசியாக, கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து துருவைக் கணிக்கும் ஹாஃப்-செல் சோதனை. ஒரு கம்பியில் இணைப்பு கொடுத்து, கம்பிகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கின்றனவா என்று மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, நனைத்த பரப்பில் கட்டமிட்டு அளக்க வேண்டும். தாமிர சல்ஃபேட் மின்வாயில் மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்குக் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. அதையும் தனியாக நம்ப வேண்டாம். நீர் ஊறிய இடத்தில் இந்த அளவும் தவறாக வரும்.

இவற்றைச் செய்யாமல், பெயர்ந்த இடத்தில் மட்டும் புதுக் கலவையால் ஒட்டுப் போட்டால் என்ன ஆகும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. உப்பு ஏறிய பழைய காங்கிரீட்டுக்கு நடுவில் புதிய ஒட்டு வைத்தால், ஒட்டைச் சுற்றியுள்ள கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துரு இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், 10 மி.மீ. கவர் அதற்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்? 20 மி.மீ. பூச்சு வேறு, சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் எடை ஏற்றுகிறது. ஏற்கெனவே கம்பி இளைத்துப்போன சன்ஷேடின் மேல் அந்த எடையை ஏற்றுவதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைப்பது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. கீழே மக்கள் நடக்கிறார்கள்.

கருங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான் பாரம்பரியம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. 1972-இல் காங்கிரீட்டில் கட்டிய கண்காட்சி அரங்கான டெல்லி ஹால் ஆஃப் நேஷன்ஸை 2017-இல் இடித்தே விட்டார்கள். மும்பையின் ஆர்ட் டெகோ (1930, 40-களின் கட்டடப் பாணி) கட்டடங்களுக்கோ 2018-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. சென்னையின் அதே காலத்துக் கட்டடங்களுக்கு விருது கேட்டு இங்கே எழுதவில்லை. ஒரு பாட்டில் ஃபீனால்ப்தலீனும் கவனமான சில நாட்களும் கேட்கிறோம்.

எனவே தயவுசெய்து தற்போதைய டெண்டரில் பூச்சு வேலையை நிறுத்திவையுங்கள். சோதனைகளைத் தனி இனமாக மதிப்பீட்டில் சேர்த்து, அளவுகளைக் கட்டட வரைபடத்திலேயே குறித்து, அந்த அறிக்கை இல்லாமல் எந்தப் பூச்சுக்கும் பில் பாஸ் ஆகாது என்று சுற்றறிக்கை அனுப்புங்கள். அதுவரை பொள்ளல் சத்தம் கேட்கும் சன்ஷேடுகளுக்கு முட்டுக் கொடுத்து, அடியில் நடைபாதையை அடைத்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பழுதுபார்ப்பில் பணிபுரியும் பொறியாளர்கள்