ஜல்லிக்குக் கண்ணளவு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீடு கட்டுவோருக்கான உங்கள் பக்கத்தில் சிமென்ட், கம்பி பற்றி நிறைய வருகிறது. ஜல்லிக் கணக்கையும் எழுதுங்கள். நான் கொத்தனார். சின்ன நடைபாதைக்குக்கூட "ஒரு லோடு சொல்லிடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். மிஞ்சிய ஜல்லி மாதக்கணக்கில் வழியை அடைத்துக் கிடப்பதைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை.

நீளம் 20 அடி, அகலம் 4 அடி, கனம் 3 அங்குலம் என்றால் தேவை 20 கன அடிதான். அங்குலத்தை 12ஆல் வகுத்து அடியாக்காமல் அப்படியே பெருக்கினால் 240 என்று வந்து நிற்கும்! பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். தரை மேடு பள்ளமாக இருந்தால் குறுக்கே நூல் கட்டி, நாலைந்து இடத்தில் ஆழம் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். திமிசு போட்டால், அதாவது கட்டையால் இடித்து இறுக்கினால், ஜல்லி அமுங்கும். அதற்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டி 22 கன அடி சொல்லலாம். எடைக்கு வாங்குவதானால் கன அடிக்குச் சுமார் 40 முதல் 45 கிலோ. நனைந்திருந்தால் எடை ஏறும்.

வண்டியில் அளக்கும்போது குவியலை நிரவிவிட்ட பிறகே டேப்பைப் பிடியுங்கள். கீழே கொட்டிவிட்டால் அளவு பிடிபடாது.

இப்படிக்கு,
கொத்தனார் வாசகர் ஒருவர்