லவ்கிராஃப்ட்டுக்கு ஆட்டிசம் இருந்ததா? பட்டியல் போட்டால் பதில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஹெச். பி. லவ்கிராஃப்ட் ஆட்டிசம் உள்ளவராக இருந்திருக்கக்கூடும் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. கேள்வியில் தவறில்லை, அவர் வாழ்க்கையைப் படிக்கிற எவருக்கும் அது எழும். பதிலுக்குப் போன வழியில்தான் எனக்குச் சிக்கல். தனிமை விரும்பி, இரவெல்லாம் விழித்திருப்பவர், கடல் உணவு என்றாலே குமட்டும், குளிர் தாங்காது, சிறு வயதில் முகத்தசை துடிக்கும், ஓயாமல் கடிதம் எழுதுவார் என்று அடுக்கிவிட்டு, இத்தனை பொருந்தும்போது வேறென்ன என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஆட்டிசத்தை மருத்துவர்கள் இப்படி எண்ணிக்கை பார்த்து முடிவு செய்வதில்லை.

மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் வெளியானது, ஆட்டிச அறிகுறிகளை இரண்டு தொகுதிகளாகப் பிரிக்கிறது. முதலாவது பிறரோடு பழகுவது பற்றியது: பேச்சிலும் உணர்விலும் கொடுத்து வாங்குவது, பார்வை, முகபாவம், சைகை, குரல் ஆகியவற்றைப் பேச்சோடு சேர்த்துக் கையாள்வது, உறவுகளை உண்டாக்கித் தக்கவைத்துக்கொள்வது. இந்த மூன்றிலுமே சிரமம் இருக்க வேண்டும். மூன்றில் இரண்டு போதுமா என்ற குழப்பம் சிலருக்கு இருந்தது. 2022 திருத்தப் பதிப்பு அதற்கு இடமில்லாமல் செய்துவிட்டது. இரண்டாம் தொகுதியில் நான்கு உண்டு: திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு அல்லது பேச்சு, மாற்றத்தைத் தாங்காத பிடிவாதம், ஒன்றிரண்டு விஷயங்களில் அளவு கடந்த ஈடுபாடு, ஒலி, தொடுகை, மணம், வெப்பம் போன்றவற்றில் மிகையான அல்லது மிகக் குறைவான உணர்ச்சி. இவற்றில் இரண்டு இருந்தால் போதும். இதற்கு மேலும் நிபந்தனைகள் உண்டு: இவை குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும், அன்றாட வாழ்வைக் கண்கூடாகப் பாதிக்க வேண்டும், அறிவுத்திறன் குறைபாட்டைக் கொண்டு மட்டும் விளக்கிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது.

கட்டுரையின் பட்டியலை இந்தச் சட்டகத்தில் வைத்துப் பாருங்கள். உருப்படியாகத் தேறுவது ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் தொகுதியில் விழும். அங்கே ஆதாரம் வலுவாகவே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டு வயதில் வேதியியல். பன்னிரண்டு பதின்மூன்று வயதில் வானியல். ஜெலட்டின் பரப்பில் மையை ஒற்றிப் பிரதியெடுக்கும் ஹெக்டோகிராஃப் முறையில் தானே ஒரு வானியல் பத்திரிகை நடத்தினார். பெரியவரான பிறகும் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் எழுத்துக்கூட்டலையும் நடையையும் விடவில்லை. மற்றவர்கள் வியர்த்து வழியும் வெயிலில் அவர் தெம்பாக இருப்பார். குளிர் கூடினால் சுருண்டுவிடுவார். ஈடுபாடு, புலன் உணர்ச்சி என்று இரண்டு ஆயிற்று. மிச்சத்தைத் தள்ளிவிடலாம். இரவில் விழித்திருப்பது இந்த அளவுகோலிலேயே இல்லை. முகத்தசை துடிப்பு வேறு கோளாறுகளின் கணக்கில் வரும்.

முதல் தொகுதிக்கு வந்தால் கையில் இருப்பவை பெரும்பாலும் கடிதங்கள். அவர் பல பத்தாயிரம் கடிதங்கள் எழுதியிருப்பார் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. முப்பது பக்கத்தைத் தாண்டியவையும் உண்டு. இத்தனை ஆவணம் உள்ளபோது தயக்கம் எதற்கு என்கிறார் கட்டுரையாளர். எத்தனை இருந்தாலும் கடிதத்தில் பார்வை கிடையாது, குரல் கிடையாது. எதிராளி முகம் சுளித்ததைக் கவனித்துப் பேச்சை நிறுத்தினாரா என்பது கிடையாது. பதிலை யோசிக்க ஒரு நாள் எடுத்துக்கொள்ளலாம், அடித்துத் திருத்தலாம். நேரில் பேசத் திணறுகிறவர் கடிதத்தில் வெளுத்து வாங்குவது சகஜம். நேரில் நன்றாகப் பழகுகிறவரும் வெளுத்து வாங்கலாம். ஆகவே அந்தக் கடிதக் குவியல் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி ஆகாது.

பெரியவர்களை நேரில் மதிப்பிடும்போது நடப்பதைச் சொன்னால் இது புரியும். சரளமாகப் பேசும் பெரியவர்களுக்கு ஏடிஓஎஸ்-2 என்ற முறையின் நான்காம் பகுதியைப் பயன்படுத்துகிறோம். 40 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். மதிப்பீட்டாளர் பேச்சுவாக்கில் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். எதிரில் இருப்பவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏதாவது கேட்கிறாரா, தலையசைத்துவிட்டுத் தன் விஷயத்துக்கே திரும்புகிறாரா, சில விநாடி மௌனத்துக்குப் பிறகு ஒப்புக்கு ஒரு வார்த்தை சொல்கிறாரா? வேலை, நட்பு, தனிமை பற்றிய கேள்விகளுக்கு என்ன பதில் வருகிறது என்பதோடு, சொல்லும்போது முகமும் கையும் பேச்சோடு இசைகின்றனவா என்பதும் குறிக்கப்படும். இவ்வளவு பார்த்த பிறகும் அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரும் முடிவு எழுதுவதில்லை. லவ்கிராஃப்ட் விஷயத்தில் இதில் ஒரு நிமிடம்கூட நமக்குக் கிடையாது.

பழகியவர்களின் நினைவுக் குறிப்புகள் உண்டு. ஆனால் அவை ஒரே திசையில் இழுப்பதில்லை. நியூயார்க்கில் அவரைச் சுற்றி ஒரு நண்பர் குழு இருந்தது. இரவு முழுக்க ஊரைச் சுற்றிக்கொண்டு பேசித் தீர்ப்பார்கள். பதின்வயது எழுத்தாளப் பையன்களுக்குக்கூடப் பொறுமையாக, அவரவர் தரம் பார்த்து யோசனை சொல்லியிருக்கிறார். மறுபுறம், அவர் மனைவி சோனியா எழுதிய குறிப்பில் ஒரு செய்தி வருகிறது: அன்பைக் காட்ட வேண்டுமென்றால் லவ்கிராஃப்ட் தன் சுண்டு விரலை மனைவியின் சுண்டு விரலோடு கோத்துக்கொண்டு ஓர் உறுமல். கட்டுரையாளர் இதைப் பெரிய ஆதாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். 1890இல் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் பழைய குடும்பமொன்றில் பிறந்து, தாயும் தாயின் சகோதரிகளும் பொத்திப் பொத்தி வளர்த்த ஆண் ஒருவர் இப்படி நடந்துகொண்டதற்கு ஆட்டிசம்தான் காரணம் என்று எதை வைத்துச் சொல்வது?

எனக்கு இதைவிடப் பெரிய தடை குழந்தைப் பருவம். பெற்றோரிடம் விசாரிக்கும் ஏடிஐ-ஆர் முறையில் 90க்கும் மேற்பட்ட கேள்விகள் உண்டு. ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் எடுக்கும். பல கேள்விகள் நான்கு ஐந்து வயதைக் குறிவைத்தே கேட்கப்படும், ஏனென்றால் பிற்பாடு வரும் பதற்றமோ மனச்சோர்வோ அந்த வயதுச் சித்திரத்தைக் கலைக்காது. இவர் வாழ்க்கையிலோ அந்த வயதே கலங்கிக் கிடக்கிறது. 1893இல், பிள்ளைக்கு மூன்று வயது நிரம்பும் முன்பே, தந்தை மனநோய் முற்றி பிராவிடன்ஸ் நகரத்து பட்லர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1898இல் அங்கேயே இறந்தார். 1896இல் பாட்டி இறந்தார். வீட்டுப் பெண்கள் கட்டியிருந்த கறுப்புத் துக்க உடையே சிறுவனைப் பயமுறுத்தியது, சிறகு முளைத்த முகமற்ற உருவங்கள் தூக்கிக்கொண்டு பறக்கும் கனவுகள் அப்போது தொடங்கின. 1904இல் தாத்தா போனார், கூடவே வீடும் போயிற்று. 1908இல் நரம்புத் தளர்ச்சி என்று பள்ளிப் படிப்பு நின்றது. அதன் பிறகு சில ஆண்டுகள் வீட்டோடு முடங்கிக் கிடந்தார். தாயையும் 1919இல் அதே பட்லர் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. இப்படி வளர்ந்த ஒருவர் ஒதுங்கி இருந்தால் அதற்கு ஆட்டிசத்தைத் தவிர நாலைந்து காரணங்கள் வரிசையில் நிற்கும்.

கட்டுரையில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். சிறுவனாக இருந்தபோது அக்கம்பக்கத்துப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு துப்பறியும் நிறுவனம் நடத்தினார். உறுப்பினர் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது: போலீஸ் விசில், உருப்பெருக்கி, டார்ச், கைவிலங்கு, தகர பேட்ஜ், அளவு நாடா. கைவிலங்கு கிடைக்காதபோது வெறும் சணல் கயிறு. கூட்டாகப் பாவனை விளையாட்டு ஆடியிருக்கிறான் என்று ஒருவர் இதை ஆட்டிசத்துக்கு எதிராக வைக்கலாம். விதியையும் பட்டியலையும் பாருங்கள் என்று இன்னொருவர் ஆதரவாக வைக்கலாம். அந்தப் பையன்கள் வேறு விளையாட்டுக்கு இழுத்தபோது அவன் என்ன செய்தான் என்று தாயிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நியூயார்க் வாழ்க்கைக்கும் இதே கதிதான். 1924இல் திருமணமாகி அங்கே போனவர் 1926இல் சொந்த ஊரான பிராவிடன்ஸுக்கே திரும்பினார். மாற்றத்தைத் தாங்க முடியாததற்கு இதுவே சான்று என்கிறார் கட்டுரையாளர். வேலை கிடைக்கவில்லை, மனைவி பிழைப்புக்காக வேறு ஊர் போய்விட்டார், இவர் டின்னில் அடைத்த அவரை விதையும் ரொட்டியும் பாலாடைக்கட்டியுமாக வயிற்றைக் கழுவினார், 1925 மே மாதம் அறையில் திருடன் புகுந்து நல்ல உடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போனான். அதன் பிறகு மலிவு விலைக் கோட்டு சூட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியதைப் பெரியம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் வெட்டு, துணி, விலை என்று ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். அந்த விவரப் பித்து யாரையும் யோசிக்க வைக்கும். ஆனால் ஊரை விட்டு ஓடிப்போக அந்த வறுமையே போதாதா?

இன்னொரு காரணமும் இருந்தது. அந்நகரத்துக் குடியேறிகள் மீதும் கறுப்பின மக்கள் மீதும் அவருக்கு இருந்த வெறுப்பு கடிதங்களில் பச்சையாகக் கிடக்கிறது. "சமூக நெளிவுசுளிவு புரியாததன் விளைவு" என்று கட்டுரை அதற்குச் சப்பைக்கட்டு கட்டுகிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். இனவெறி எந்த அளவுகோலிலும் ஆட்டிசத்தின் அறிகுறி கிடையாது. அவர் காலத்தில் அந்த வெறுப்பு படித்த வர்க்கத்தில் தாராளமாகப் புழங்கியது; அதைக் கற்றுக்கொள்ளச் சமூகம் புரிந்தே இருக்க வேண்டும். செத்துப்போன எழுத்தாளரின் பெயரைக் காக்க, உயிரோடு இருக்கிற ஆட்டிசம் உள்ளவர்கள் மீது சேற்றை வாரி இறைக்க வேண்டாம்.

லவ்கிராஃப்ட் சார்பில், ஆட்டிசத் தன்மைகளை அளக்கும் ஏக்யூ வினாத்தாளை நிரப்பி, எல்லை மதிப்பெண்ணான 32ஐத் தாண்டிவிட்டார் என்றும் கட்டுரையில் இருந்தது. 2001இல் வெளியான அந்த 50 வாசகத் தாள், ஒருவர் தன்னைப் பற்றித் தானே நிரப்புவதற்கானது. அடுத்தவர் நிரப்பினால் அது அடுத்தவரின் அபிப்பிராயம். தானே நிரப்பினாலும், சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்கும் அதில் மதிப்பெண் ஏறும். வேறொரு கணக்கும் உண்டு. ஆட்டிசம் நூற்றில் ஒருவர் அளவில் காணப்படுகிறது என்று வைத்தால் ஆயிரம் பேரில் பத்துப் பேர். ஓர் அடையாளப் பட்டியல் அந்தப் பத்தில் எட்டுப் பேருக்குப் பொருந்துவதாகவும், மற்ற 990 பேரில் பத்தில் ஒருவருக்கு மட்டுமே பொருந்துவதாகவும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பொருந்துகிறவர்கள் 107 பேர். அவர்களில் ஆட்டிசம் உள்ளவர்கள் எட்டே பேர். தனிமை, புத்தகப் பித்து, உணவு வெறுப்பு போன்றவை பத்தில் ஒருவரைவிட அதிகம் பேரிடம் இருக்கும்.

ஆட்டிசம் இருந்தால் கற்பனை வராது, ஆகவே திகில் கதை எழுதியவருக்கு அது இருக்க முடியாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியதும் சரியல்ல. குழந்தைகளிடம் நாம் பார்ப்பது பிறரோடு சேர்ந்து ஆடும் பாவனை விளையாட்டை. தனியே உட்கார்ந்து உலகங்களைப் புனைவது அதனால் தடைபடாது. ஆட்டிசம் உள்ள புனைகதை எழுத்தாளர்கள் இருக்கவே செய்கிறார்கள்.

லவ்கிராஃப்ட் 1937 மார்ச் 15 அன்று 46 வயதில் புற்றுநோயால் இறந்தார். ஆட்டிசத்தை விவரித்த லியோ கேனரின் கட்டுரை 1943இல் வந்தது, ஹான்ஸ் ஆஸ்பெர்கருடையது 1944இல். க்ருன்யா சுகரேவா சோவியத் ரஷ்யாவில் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதியது 1925இலேயே; ஆனால் பிராவிடன்ஸ் மருத்துவர் எவரும் அதைக் கையில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. ஆக, அவரை இந்தக் கண்ணோடு யாரும் பார்த்ததே இல்லை. இரண்டாம் தொகுதி பொருந்துகிறது, முதல் தொகுதியும் குழந்தைப் பருவமும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதியிருந்தால் எனக்கு ஆட்சேபமே இருந்திருக்காது. உயிரோடு உள்ள திகில் எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லி, "இவரும் அப்படித்தானோ" என்று அதே கட்டுரை கேட்டிருப்பது வேறு விஷயம். நேரில் பரிசோதிக்காமலும் அனுமதி பெறாமலும் பொது மனிதர் எவருடைய மனநிலை பற்றியும் தொழில்முறைக் கருத்துச் சொல்லக் கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973இலேயே விதி வைத்தது. பத்திரிகையை அது கட்டுப்படுத்தாது என்றாலும் அந்தப் பத்தியை வெட்டியிருக்கலாம்.

கட்டுரையைப் படித்துவிட்டுத் தனக்கும் இருக்குமோ என்று யோசிக்கும் வாசகர்கள் இணையத்து மதிப்பெண்ணோடு நின்றுவிட வேண்டாம். ஆட்டிசத்தில் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். போகும்போது ஆரம்பப் பள்ளி ரிப்போர்ட் அட்டைகள் (ஆசிரியர் எழுதிய குறிப்போடு), பழைய வீடியோ இருந்தால் அது, எந்த வயதில் பேசினீர்கள், யாரோடு விளையாடினீர்கள் என்று தெரிந்த பெற்றோரோ மூத்த சகோதரரோ, இப்போது எந்தெந்தச் சூழலில் திணறுகிறீர்கள் என்று எழுதிய ஒரு தாள் ஆகியவை கூடவே இருக்கட்டும். பதற்றம், கவனக்குறைவுக் கோளாறு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவை ஆட்டிசத்தோடு சேர்ந்தும் வரும், தனியாகவும் வரும்.

இப்படிக்கு,
ஆட்டிச மதிப்பீட்டில் பணியாற்றும் உளவியலாளர்