தடிப்பு மாலையில் வருகிறது, ரவுண்ட்ஸ் காலையில் முடிகிறது

காய்ச்சல் வார்டு மருத்துவர்களுக்கு, மூட்டுவாத மருத்துவர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம். 'தோலில் தடிப்பு இல்லை' என்று காலையில் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டால், ஸ்டில் நோயை (காய்ச்சல், தடிப்பு, மூட்டுவலியோடு வரும் அரிய அழற்சி நோய்) அங்கேயே தவறவிட வாய்ப்புண்டு. இந்நோயில் காய்ச்சல் பெரும்பாலும் மாலையில் 39 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தடிப்பும் கூடவே எழும்பி, காய்ச்சல் இறங்கும்போது மறைந்துவிடும். அதனால் காய்ச்சல் ஏறியிருக்கும்போதே சட்டையைக் கழற்றச் சொல்லி மார்பு, முதுகு, மேற்கை, தொடை எல்லாவற்றையும் பாருங்கள். இடுப்புப் பட்டை அழுத்தும் இடத்தையும் விடாதீர்கள். உராயும் இடத்தில் தடிப்பு எழுவதுண்டு. பாடநூல் சொல்லும் இளஞ்சிவப்பு நிறம், கருத்த தோலில் எடுப்பாகத் தெரியாது. நோயாளியே போனில் படம் எடுத்து வைத்தாலும் போதும். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு தடிப்பு தெரிந்தால் 'மருந்து ஒவ்வாமை' என்று முத்திரை விழுந்துவிடுகிறது. வந்து போகும் நேரத்தைக் குறித்திருந்தால் அந்தக் குழப்பம் குறையும்.

இந்நோயைக் கண்டறிய 1992-இல் வந்த யமகுச்சி அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். முதன்மைக் கூறுகள் நான்கு: ஒரு வாரமாவது நீடிக்கும் 39 டிகிரிக் காய்ச்சல், இரண்டு வார மூட்டுவலி, அந்தத் தடிப்பு, 80 சதவீதமாவது கிரானுலோசைட்டாக (வெள்ளணுவில் ஒரு வகை) இருக்கும், ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 10,000-க்கு மேற்பட்ட வெள்ளணு. துணைக் கூறுகள்: தொண்டை வலி, நெறிகட்டு அல்லது மண்ணீரல் வீக்கம், கல்லீரல் சோதனைக் கோளாறு, ஆர்.எஃப். மற்றும் ஏ.என்.ஏ. (பிற மூட்டுவாத நோய்களில் காணும் எதிர்ப்பொருட்களுக்கான ரத்தச் சோதனைகள்) நெகட்டிவ். மொத்தம் 5 வேண்டும், அதில் குறைந்தது இரண்டு முதன்மைக் கூறுகளாக இருக்க வேண்டும். தொற்று, புற்றுநோய், பிற மூட்டுவாத நோய்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகே இந்தக் கணக்கு செல்லும்.

ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) இந்தப் பட்டியலிலேயே இல்லை! இயல்பைப்போல் ஐந்து மடங்கு தாண்டினால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். கடும் தொற்றிலும் கல்லீரல் நோயிலும் அது ஏறும். ஆய்வகம் '2000-க்கு மேல்' என்று நிறுத்திக்கொண்டால், மாதிரியை நீர்த்துச் சரியான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

தயவுசெய்து, பிளட் கல்ச்சர் எடுக்காமல், வீங்கிய நெறிக்கட்டியைப் பயாப்சி செய்யாமல் ஸ்டீராய்டு தொடங்காதீர்கள். லிம்ஃபோமாவும் (நிணநீர்ப் புற்றுநோய்) ஸ்டீராய்டுக்குச் சற்று அடங்கும். பிறகு எடுக்கும் பயாப்சியில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம்.

இன்னொன்று. காய்ச்சல் விடாமல் அடிக்கும்போதே 18,000 இருந்த வெள்ளணு 6,000-க்கும், ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) 90-இலிருந்து 20-க்கும் இறங்கினால் 'தேறிவருகிறார்' என்று எழுதிவிடாதீர்கள். மேக்ரோஃபேஜ்கள் (விழுங்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள்) கட்டுமீறி ரத்த அணுக்களை விழுங்கத் தொடங்கியிருக்கலாம். ரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோவதால்தான் ஈ.எஸ்.ஆர். விழுகிறது. தட்டணு, ஃபைப்ரினோஜன், டிரைகிளிசரைடு, ஃபெரிட்டின் நான்கையும் அன்றே அனுப்பிவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள், நள்ளிரவானாலும் சரி.