டவுன் ஜக்கெட் இரண்டு பற்றிய எனது ஐந்தாவது புகார்

கல்லடி,
மட்டக்களப்பு.
நவம்பர் 28

முகாமையாளர் அவர்கட்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முன்னைய நான்கையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்றுக்குப் பதில் இல்லை. நாலாவதற்கு ஒரேயொரு வரி வந்தது: "வாடிக்கையாளரின் பிழையான பாவனை, உத்தரவாதம் பொருந்தாது." ஆகவே இந்த முறை தாளில் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார்கள். கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது.

என்ன பொருள், என்ன அளவு என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கும். செப்டெம்பர் 9ஆம் திகதி உங்கள் கடையில் வாங்கிய, டவுன் என்னும் வாத்தின் மென்தூவி நிரப்பிய குளிர் ஜக்கெட்டுகள், கடும் நீலம் ஒன்று, மெரூன் ஒன்று. இதை ஒன்பது பேருக்கு ஒன்பது தரம் சொல்லிக் களைத்துவிட்டேன். மெரூன்தான் நாசமானது, என் மனைவியுடையது.

நவம்பர் 17ஆம் திகதி பின்னேரம் உங்கள் தொலைபேசிச் சேவையில் என்னோடு பேசிய அந்த இளைஞரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு 3ஐ அழுத்தச் சொன்னது. அழுத்திவிட்டு 22 நிமிடம் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வந்தார். விஷயத்தை முழுக்கச் சொல்ல விட்டார், அதுவரை சரி. சொல்லி முடித்ததும் சிரித்தார். "அங்கிள், மட்டக்களப்பு வெயிலுக்கு உங்களுக்கு யாரு ஜக்கெட் போடச் சொன்னது?" என்றார். பின்னால் இன்னும் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது.

நான் 34 வருடம் படிப்பித்தவன். இந்த ஊரில் மீன் விற்பவர் முதல் கச்சேரி உத்தியோகத்தர் வரை என்னைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். உங்களிடம் நான் அதை எதிர்பார்க்கவில்லை. அங்கிள் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் 93,000 ரூபா கொடுத்து உங்கள் பொருளை வாங்கியவனிடம், உன் ஊருக்கு இது எதற்கு என்று கேட்க அவருக்கு என்ன உரிமை? அந்தக் கேள்வியைச் செப்டெம்பர் 9ஆம் திகதி கடையில் வைத்து யாராவது கேட்டிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். காசை வாங்குகிறபோது கேட்காத கேள்வியைப் பொருள் பழுதான பிறகு கேட்டுச் சிரிப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடையில் நான் எதையும் ஒளிக்கவில்லை. மனைவியும் நானும் ஒக்டோபரில் நேபாளம் போகிறோம், காத்மண்டுவில் பசுபதிநாதரைக் கும்பிட்டுவிட்டுப் பொக்காரா, ஜொம்சொம் வழியாக முக்திநாத் போகிறோம், அது 3,700 மீற்றருக்கு மேலே உள்ள இடம், அங்கே 108 தாரைகளிலும் தலையை நனைத்துக் குளங்களில் முழுகுவது வழக்கம் என்று எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். திரும்பி வந்த பிறகு இந்த உடுப்பு மட்டக்களப்பில்தான் இருக்கும், நுவரெலியாவுக்கோ சிவனொளிபாதமலைக்கோ போனால் எடுத்துப் போடுவோம் என்றும் சொன்னேன். எது நல்லது என்று கேட்டேன். பக்கத்திலேயே செயற்கை இழை நிரப்பிய ஜக்கெட் 21,000 ரூபாவுக்குத் தொங்கியது. அதைக் கையில் எடுத்தும் பார்த்தேன். "அது பாரம் சேர், டவுன்தான் பெஸ்ட்" என்று உங்கள் விற்பனையாளர் அதை என் கையிலிருந்து வாங்கித் திரும்ப மாட்டிவிட்டார்.

மார்புப் பக்கத்தில் 700 என்று தைத்திருந்தது. என்ன இது என்று கேட்டேன். 700 கிராம் என்றார். அந்த ஜக்கெட்டின் மொத்த நிறையே அரைக் கிலோ வராது! ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் தூவி, 700 கன அங்குல இடத்துக்குப் பொங்கி நிற்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. பொங்கி நிற்கும் தூவிக்குள் அடைபடுகிற காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்ததை உங்கள் கடையில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே.

டவுன் கூடாத பொருள் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அன்னத்தூவி அடைத்த படுக்கையைப் பற்றி உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன் நான். அதன் அருமை எனக்குத் தெரியும். ஜொம்சொமில் பின்னேரக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றிலும் ஜக்கெட்டுக்குள் அடுப்பங்கரையில் இருக்கிற மாதிரி இருந்தது. நனையாத வரைக்கும் அதை மிஞ்ச ஒன்றுமில்லை.

நனைந்தபோது நடந்ததைக் கேளுங்கள். முக்திநாத்தில் மனைவி தாரைகளில் தலை நனைத்துவிட்டு, ஈரச் சேலைக்கு மேலேயே ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டார். உடுப்பு மாற்றும் இடத்தில் கூட்டம். அரை மணித்தியாலத்துக்குள் தோளும் முதுகும் சப்பென்று அமுங்கி, வெறும் துணி மாதிரி ஆகிவிட்டது. பற்கள் கிட்டிக்கொண்டு அவரால் பேசவே முடியவில்லை. என் ஜக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு நான் போர்வையோடு நின்றேன். அன்றைக்கு அவருக்கு ஏதாவது நடந்திருந்தால் நான் தனியாகத்தான் கல்லடிக்குத் திரும்பி வந்திருப்பேன். இதை நினைத்தால் இன்னமும் நித்திரை வருவதில்லை. குளிக்கப் போகிறவர்களுக்கு, நனைந்தால் சூடு தராத உடுப்பை விற்ற பொறுப்பு உங்களுடையது. 1980களிலேயே அமெரிக்க இராணுவம் ஈரத்திலும் சூடு காக்கிற ஒன்று வேண்டும் என்று கேட்டுத்தான் பிரிமாலொஃப்ட் என்ற செயற்கை இழையே உருவானதாம். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியின் மகள் சொன்னாள். உங்கள் கடையில் 21,000 ரூபாவுக்குத் தொங்கியதும் அந்த வகை இழை நிரப்பியதுதான்.

ஊருக்கு வந்து நவம்பர் 4ஆம் திகதி மெரூன் ஜக்கெட்டைக் கழுவினோம். எப்படிக் கழுவுவது என்றும் கடையில் கேட்டிருந்தேன். "சாதாரணமா மெஷின்ல போடுங்க" என்றார்கள். போட்டோம். எங்களுடையது மேலால் உடுப்புப் போடுகிற, நடுவில் தண்டு சுழல்கிற மெஷின். வழக்கமான சலவைத் தூள், பிறகு வாசனைத் திரவம். ஜக்கெட் தண்ணீருக்குள் போகாமல் பலூன் மாதிரி மிதந்தது, மனைவி கையால் அமுக்கினார். வெளியே தூக்கியபோது ஈரத் தூவியின் பாரத்தில் உள்தையல்கள் படபடவென்று விட்டுப் போயின. ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் ஊரில் கைக்குட்டை காயவே இரண்டு நாள் ஆகும். ஆறு நாள் விறாந்தையில் தொங்கியது. ஈரக் கோழி மணம் வீடு முழுக்க. தூவியெல்லாம் உருண்டை உருண்டையாகக் கீழே இறங்கிவிட்டது, மேல் பக்கம் வெறும் துணி. தையல்களால் இறகு பறக்கிறது. மனைவிக்கு இருமல் வந்து ஆஸ்பத்திரிக்கும் போனோம்.

இதைச் சொல்லத்தான் உங்களுக்கு அழைப்பு எடுத்தேன். முதலாமவர் "ட்ரை கிளீனிங் குடுங்க" என்றார். உள்ளே தைத்திருக்கும் வெள்ளைத் துண்டைப் பாருங்கள். அதில் வட்டத்தை வெட்டிக் கோடு போட்டிருக்கிறது. ட்ரை கிளீனிங் கூடாது என்று உங்கள் துண்டே சொல்கிறது! இரண்டாமவர் கல்முனை முகவரிடம் காட்டச் சொன்னார். பஸ்ஸில் போனேன். அந்த முகவர் டோர்ச் லைட்டும் பாடசாலைப் பையும் விற்கிறார். நல்ல மனிதர், தேத்தண்ணி வாங்கித் தந்து, "சேர், இந்த ஜக்கெட்ட நான் கண்ணால கண்டதே இல்ல" என்றார். அடுத்தவர்தான் என்னை அங்கிள் என்ற அந்த இளைஞர். தண்ணீரே படக்கூடாது என்று சொன்னதும் அவர்தான். "வாத்து இறக வாங்கிட்டு யாராவது தண்ணில போடுவாங்களா?" வாத்து தண்ணீரில்தானே வாழ்கிறது, தம்பி! அதே வெள்ளைத் துண்டில் தொட்டி மாதிரிப் படம் போட்டு உள்ளே 30 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? 30 பாகைத் தண்ணீரில் கழுவலாம் என்பதுதானே?

அப்புறம் கொழும்புப் பயணம். நவம்பர் 20 இரவு, உங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் "நேரில் கொண்டு வந்தால் உடனே மாற்றித் தரலாம்" என்று சொன்னதை நம்பி இரவுக் கோச்சியில் ஏறினேன். எனக்கு வயது 66. ஜக்கெட்டை உரப்பையில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தே போனேன். விடியக் கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, ஓட்டோ பிடித்து, கடை திறக்க முதலே வாசலில் நின்றேன். அந்த மேற்பார்வையாளருக்கு அன்று விடுமுறை. வேறு யாரும் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பிற்பகல் 2 மணி வரை கதிரையில் இருத்தி வைத்துவிட்டு ஒரு படிவம் தந்தார்கள். அதில் தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. அதே பையை மடியில் வைத்துக்கொண்டு அன்றிரவே திரும்பி வந்தேன். அங்கே வேலை செய்யும் ஒரு தங்கச்சி மட்டும் தண்ணீர் கொண்டு வந்து தந்து, "சொறி ஐயா" என்றாள். அவளுக்கு ஒரு கரைச்சலும் கொடுக்க வேண்டாம்.

பிழையான பாவனை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, சரியான பாவனை எது என்று இப்போது நான் உங்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் நீலத்தை அப்படித்தான் கழுவினேன். என் பழைய மாணவன் ஒருவன் பாசிக்குடாவில் ஹொட்டேல் லோன்றியில் வேலை. தம்பியின் மகள் ஃபோனில் சொல்லச் சொல்ல அவன் செய்தான். முன்பக்கம் கதவுள்ள, தண்டு இல்லாத மெஷின். சிப்புகள் எல்லாம் பூட்டி, மெதுவான சுற்று, குளிர்ந்த தண்ணீர், மென்மையான திரவச் சவர்க்காரம் கொஞ்சம். சலவைத் தூள் தூவியில் இருக்கும் இயற்கை எண்ணெயை உரித்துவிடும், வாசனைத் திரவம் படிந்தால் பொங்காது, அதனால் இரண்டும் இல்லை. நுரை போகும்வரை மூன்று தரம் அலசினான். "பெரியப்பா, பிழியவே கூடாது, ஒரு பக்கத்தால தூக்கவும் கூடாது, குழந்தைய தூக்கிற மாதிரி ரெண்டு கையாலயும் தாங்கித் தூக்கச் சொல்லுங்க" என்றாள். பிறகு உலர்த்தும் மெஷினில் குறைந்த சூட்டில், மூன்று டெனிஸ் பந்துகளையும் கூடப் போட்டு, மூன்று மணித்தியாலத்துக்கு மேல். பந்துகள் அடிக்க அடிக்கத்தான் உருண்டைகள் உடையுமாம். இடையிடையே எடுத்து விரலாலும் உதிர்த்தோம். வெளியே எடுத்தபோது கடையில் இருந்ததைவிடப் பொங்கி நின்றது. அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஏனென்றால் மெரூனும் இப்படியே இருந்திருக்கும்.

அந்தத் துண்டில் சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. குறைந்த சூட்டில் மெஷினில் உலர்த்து என்று அர்த்தம். எங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் உலர்த்தும் மெஷின் இருக்கிறது? ஹொட்டேலில் தெரிந்த பையன் இல்லாதவர் என்ன செய்வார்? இது ஒன்றைச் சொல்லியிருந்தாலே நான் செயற்கை இழைக்குப் போயிருப்பேன். அது கொஞ்சம் பாரம்தான், அமுக்கி அமுக்கி வைத்தால் சில வருடத்தில் பொங்குவது குறையும்தான். ஆனால் வீட்டு வாளியில் கழுவி, மழை நாளில் மின்விசிறிக்குக் கீழே போட்டால் விடியக் காய்ந்துவிடும். எங்கள் காற்றுக்கு அதுதான் உடுப்பு. இன்னொன்று, டவுன் ஜக்கெட்டைச் சின்னப் பைக்குள் அமுக்கியே அலுமாரியில் வைக்கலாம் என்று கடையில் செய்து காட்டினார்கள். அதுவும் பிழை. பயணத்துக்குத்தான் அந்தப் பை. வீட்டில் தளர்வாகத் தொங்கவிட வேண்டும்.

என் கோரிக்கைகள் இவை. மெரூன் ஜக்கெட்டுக்கான 46,500 ரூபாவை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். கல்முனை, கொழும்பு, பாசிக்குடாப் பயணச் செலவு 7,400 ரூபா. என் மனைவி பட்ட பாட்டுக்கும், வாழ்க்கையில் ஒரே தரம் போகிற யாத்திரை குலைந்ததற்கும் 150,000 ரூபா. இந்த உடுப்புகளை எப்படிக் கழுவுவது, யாருக்கு எது பொருந்தும் என்று தமிழில் ஒரு தாள் அச்சடித்து ஒவ்வொரு ஜக்கெட்டோடும் கொடுக்க வேண்டும். எழுத ஆள் இல்லையென்றால் நானே எழுதித் தருகிறேன், அதற்குக் காசு வேண்டாம். அந்த இளைஞர் என் மனைவியிடம் தமிழில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவருடைய வேலையைப் பறிக்க நான் கேட்கவில்லை.

நான் சண்டைக்காரன் அல்ல. இதுவரை எந்தக் கடை மீதும் முறையிட்டதில்லை. ஆனால் கச்சேரிக்குப் போய் விசாரித்துவிட்டேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு அது டிசெம்பர் 9இல் முடிகிறது. அதுவரை இழுத்தடித்தால் கிழவன் களைத்துப்போவான் என்று யாராவது நினைத்திருந்தால், முறைப்பாடு எழுதி மேசையில் தயாராக இருக்கிறது. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் பேசிவிட்டேன். டிசெம்பர் 5ஆம் திகதிக்குள் உங்கள் பதில் வராவிட்டால் 6ஆம் திகதி காலை அதைக் கொண்டுபோய்க் கையளிப்பேன். தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைக் கொண்டுபோக வேண்டாம்.

பற்றுச்சீட்டின் பிரதி, கோச்சி ரிக்கற் இரண்டு, வெள்ளைத் துண்டின் படம், இரண்டு ஜக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம் எல்லாம் இணைத்திருக்கிறேன். மெரூன் ஜக்கெட்டை நான் இனிமேல் எங்கேயும் சுமந்து வரமாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் ஆள் அனுப்புங்கள். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர்,
கல்லடி.