‘டாக்டர் சொன்னார்’ என்பது பதிலாகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மனநலச் சிகிச்சையும் சட்டமும் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவரின் பொறுப்பு, குடும்பத்தின் கவலை, நீதிமன்றத்தின் பங்கு எல்லாம் விரிவாக இருந்தன. செவிலியர் என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வந்தது. அதில் ஒன்று படத்துக்குக் கீழே. 26 வருடம் மனநல வார்டில் வேலை பார்த்தவளுக்கு இதைச் சும்மா விட மனசு வரவில்லை.

மருத்துவர் ரவுண்ட்ஸ் வந்து போய்விடுவார். மற்ற நேரமெல்லாம் நோயாளி எங்களோடுதான். ‘சம்மதம்’ என்று கட்டுரை சொல்வது சேர்க்கும்போது வாங்கும் ஒரு கையெழுத்தோடு முடிகிற காரியமில்லை. காலையில் மாத்திரை நீட்டும்போதும் இரவில் ஊசி போடும்போதும் மறுபடி மறுபடி கேட்க வேண்டியது அது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் மாத்திரையே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தார். சீனியர் சொன்னபடி மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரின் வாய் என் பக்கம் பார்க்கும்படி மேஜையில் படுக்க வைத்தார், அவ்வளவுதான். அதற்கப்புறம் மூன்று நாள் எங்கள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. குழாயடியில் போய்க் கையேந்திக் குடித்தார். ‘எனக்கு விஷம் வைக்கிறார்கள்’ என்பதுதான் அவருடைய நோயே. அதற்கு நானே சாட்சி தயார் செய்து கொடுத்திருந்தேன்.

மறைத்துக் கொடுப்பது எப்போதுமே குற்றம் என்று சொல்ல வரவில்லை. மறதி நோய் முற்றி, மருந்து என்றால் என்ன என்றே விளங்காத ஒருவருக்கு, சிகிச்சைக் குழு கூடிப் பேசி, மருந்தாளுநரிடம் கேட்டு (சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது), கேஸ் ஷீட்டில் எழுதிவைத்துக் கொடுப்பது வேறு. நைட் ட்யூட்டியில் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கலப்பது வேறு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006-இல் ஐ.நா. ஏற்ற உடன்படிக்கை, சட்டத்தின் முன் அவர்களுக்கும் எல்லோருக்கும் சமமான தகுதி உண்டு என்கிறது. மனநோயால் நீண்ட காலம் அவதிப்படுகிறவர்களும் அதில் அடக்கம். நோயின் பெயரை எழுதியதாலேயே ஒருவர் சொல்லும் ‘வேண்டாம்’ செல்லாததாகிவிடாது.

கட்டிப்போடும் விஷயம் இன்னும் சிக்கல். இங்கிலாந்தில் ஹான்வெல் மனநோய் விடுதியில் ஜான் கோனலி என்ற மருத்துவர் 1839-லேயே சங்கிலி, கட்டு எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டினார். 1991-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற நெறிகளும் தெளிவாகவே இருக்கின்றன: நோயாளிக்கோ மற்றவர்களுக்கோ உடனே நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், தேவைக்கு மேல் ஒரு நிமிஷமும் நீளாமல், தகுதியுள்ளவர்களின் நெருக்கமான, தொடர்ந்த கண்காணிப்பில், காரணமும் தன்மையும் அளவும் பதிவாகியிருக்க வேண்டும். அதில் ‘ஆள் பற்றாக்குறை’ என்று ஒரு காரணம் கிடையாது. ஆனால் வார்டில் பல தடவை உண்மையான காரணம் அதுதான். கேஸ் ஷீட்டில் மட்டும் ‘நோயாளி கட்டுக்கடங்காமல் இருந்தார்’ என்று ஒரே வரி. என்ன செய்தார், அதற்கு முன்னால் நாம் என்ன பேசிப் பார்த்தோம், எத்தனை மணிக்கு அவிழ்த்தோம், எதுவும் இருக்காது. கட்டுக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைகிறதா, கை சில்லிட்டிருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, சிறுநீர் கழிக்க வேண்டுமா என்று விடாமல் பார்ப்பதும் செவிலியர் வேலைதான். குப்புறப் போட்டு அழுத்தினால் மூச்சு நின்று உயிரே போகலாம்.

விசாரணை என்று வந்தால் ‘டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்று தப்பிக்க முடியாது. சர்வதேசச் செவிலியர் மன்றம் 1953-இல் முதலில் ஏற்று, பிறகு பலமுறை திருத்திய நெறிமுறை, தன் செயலுக்குச் செவிலியரே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்கிறது. ஆனால் தவறான உத்தரவு என்று மறுத்துப் பேசும் செவிலியருக்கு நிர்வாகம் துணை நிற்பதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இரகசியம் பற்றியும் ஒரு வார்த்தை. “யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்” என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு, “உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976-இல் டாரசாஃப் வழக்கில் சொன்னதும் ஏறக்குறைய இதைத்தான்: ஒருவரைக் கொல்லப்போவதாக நோயாளி சொன்னால், அந்த ஒருவரைக் காக்கும் கடமை சிகிச்சையளிப்பவருக்கு உண்டு. அங்கே காவலர்களிடம் சொல்லியிருந்தார்கள். ஆபத்தில் இருந்த பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் நைட் ட்யூட்டி பார்க்கும் ஒரு நர்ஸிடமும் உங்கள் நிருபர் பேசட்டும். பகலில் மட்டும் கூப்பிட வேண்டாம், தூங்கிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனநலச் செவிலியர் ஒருவர்